பழைய வால்வும் புதிய பாடமும்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். காலை ஏழு மணி இருக்கும். ஃபீனிக்ஸ் பே வீட்டுத் திண்ணையில் பனியனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தேன். மின்விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது டொராண்டோவிலிருந்து மகளின் அழைப்பு வந்தது. அங்கே முந்தைய நாள் இரவு எட்டரை மணி.

"அப்பா, பாய்லர் ஒழுகுது. வெளியே மைனஸ் இருபது. குழந்தைக்கு இன்னும் நாலு மாசம்கூட ஆகலை. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

வாசக அன்பர்களே, பாய்லர் என்றதும் நம் கண்முன் வருவது எது? டீக்கடையில் காசு கட்டி வைத்திருக்கும் பித்தளைப் பாய்லர். அல்லது ஊரில் குளியலறை ஓரம் கரிபோட்டு எரிக்கும் செம்புப் பாய்லர். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. இந்தத் தீவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டேன். வெப்பமானி இருபதுக்குக் கீழே இறங்கிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. இப்படிப்பட்ட ஊரில் இருப்பவனுக்கு, வீட்டையே சூடாக்கும் பாய்லர் என்றால் எப்படிச் சட்டென்று விளங்கும்? மகள் விளக்கிய பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்குள் ஓடும் வெந்நீர் ஆறு

கனடாவில் இப்போது பெரும்பாலான வீடுகளில் சூடான காற்றை ஊதும் உலைதான் இருக்கிறதாம். என் மகள் குடும்பம் இருப்பது பழைய செங்கல் வீடு. அதன் நிலவறையில் ஒரு பாய்லர். கேஸில் தண்ணீர் சூடாகிறது. ஒரு சிறிய பம்பு அந்த வெந்நீரைக் குழாய்கள் வழியே அறை அறையாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு அறையிலும் சன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் என்ற வார்ப்பிரும்புச் சட்டம் நிற்கிறது. வெந்நீர் அதற்குள் புகுந்து தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்த் திரும்பப் பாய்லருக்கே வருகிறது. அதே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். குடிக்கவோ குளிக்கவோ அதை எடுப்பதில்லை.

இந்த அமைப்பில் எல்லாவற்றுக்கும் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு சின்ன வால்வு இருக்கும். எப்போதாவது அமைப்பைக் காலி செய்ய வேண்டுமென்றால் தண்ணீரை வடிக்க அதுதான் வழி. நம் மேல்நிலைத் தொட்டியின் அடியில் கழுவி விடுவதற்கென்று ஒரு வால்வு வைக்கிறோமே, அதற்கு அண்ணன் என்று சொல்லலாம். மகள் வீட்டில் அதன் வாயிலிருந்துதான் நீர் சொட்டிக் கொண்டிருந்தது.

என் மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே பெற்றோருடன் கனடா போனவர். கணக்கு வேலை. மகள் அவரை விரும்பி மணந்து கொண்டாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. மனமாரச் சம்மதித்தேன் என்றும் சொல்ல மாட்டேன். ஐந்தாண்டுகளில் அவரும் நானும் பேசிக்கொண்டது, "நலமா மாப்பிள்ளை?", "நலம் மாமா" என்பதற்கு மேல் போனதில்லை. அன்றைக்கு அவரே தொலைபேசியை வாங்கினார்.

"மாமா, வால்வை வடிவாய்ப் பூட்டிப்போட்டன். பிறகும் சொட்டுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வால்வுக்கு எதற்குப் பூட்டு? அதிலென்ன வடிவம்? பின்னாலிருந்து மகள் சிரித்துக்கொண்டே, "பூட்டினேன்னா மூடினேன்னு அர்த்தம்ப்பா. வடிவாய்னா நல்லா" என்றாள். நானும் சிரித்தேன். அடுத்து மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இண்டைக்கு இரவே கழட்டிப்போட்டுப் புதுசு போடப் போறன் மாமா. ஒரு வால்வுதானே!"

"வேண்டாம் மாப்பிள்ளை! கை வைக்காதீர்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்த என் மனைவி ஓடி வந்துவிட்டாள். ஏனென்றால், "ஒரு வால்வுதானே" என்று நானும் ஒருநாள் சொன்னவன். அந்தக் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நம் சங்க மலரில் இப்போது சொல்லிவிடுகிறேன்.

மழை ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்

நான் பிறந்தது பரமக்குடிப் பக்கம். வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பிய அம்மாவின் பிள்ளை. 1983-இல் மதராஸில் கப்பல் ஏறி, மூன்றாம் நாள் போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறங்கியபோது கொட்டிக் கொண்டிருந்த மழையைப் பார்த்து, இனிமேல் நம் வாழ்க்கையில் தண்ணீர்க் கஷ்டம் கிடையாது என்று நினைத்தேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். எங்கள் இராமநாதபுரம் சீமையில் மூன்று ஆண்டுகளுக்குப் பெய்வது இங்கே ஒரே ஆண்டில் பெய்துவிடும்.

நினைத்தது தவறு என்று முதல் கோடையிலேயே தெரிந்தது. மே மாதம் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை பெய்கிற மழை, மேட்டு நிலத்திலிருந்து வழிந்து கடலுக்கு ஓடிவிடுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வெளுத்துக் கிடக்கும். நகரம் பெரும்பாலும் நம்பியிருப்பது 1973-இல் கட்டிய தனிக்காரி அணையைத்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் அணை வற்றும். குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வரும். 2024-இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. தண்ணீர் வரும் நேரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பழக்கம் மட்டும் நமக்கு மாறவில்லை.

ஆகவே இங்கே வீட்டுக்கு வீடு தொட்டிதான் செல்வம். ஃபீனிக்ஸ் பேயின் மேட்டுத் தெருக்களில் நின்று பார்த்தால், கீழே தீவுகளுக்குப் போகும் படகுத் துறையும் கப்பல் பட்டறையும் தெரியும். கூரைக்குக் கூரை கறுப்புத் தொட்டிகள் நிற்பதும் தெரியும். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் 1000 லிட்டர் தொட்டி ஒன்று. அதிலிருந்துதான் எங்களுக்கும், கீழ்த்தளத்தில் குடியிருந்த இரண்டு குடும்பங்களுக்கும் தண்ணீர். ஒன்று தெலுங்குக் குடும்பம். மற்றொன்று வங்காளக் குடும்பம்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதம். எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். அன்று காலைதான் தொட்டி நிரம்பியிருந்தது. குழாயில் வந்த நீர் சற்றுச் செம்மண் நிறமாக இருந்ததால், அடியில் படிந்த வண்டலைக் கொஞ்சம் திறந்து விடலாம் என்று மாடிக்கு ஏறினேன். தொட்டியின் அடியில் ஓர் அங்குல இரும்பு நிப்பிள். அதன் முனையில் பித்தளைக் கேட் வால்வு. வீடு கட்டியபோது மாட்டியது. அதைத் திருகியே பல வருடங்கள் ஆகியிருந்தன.

கைப்பிடி அசையவில்லை. மனைவி கீழிருந்து, "பிளம்பரைக் கூப்பிடுங்களேன்" என்றாள். "கப்பல் பட்டறையில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்குப் பிளம்பரா? ஒரு வால்வுதானே!" என்றேன். பைப் ரெஞ்சைப் போட்டேன். அசையவில்லை. ரெஞ்சின் பிடியில் ஒரு முழக் குழாயைச் செருகி, நெம்புகோலாக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டேன்.

வால்வு திறக்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். இரும்பு நிப்பிள் மரையோரத்தில் முறிந்து, வால்வு என் கையோடு வந்துவிட்டது!

ஓர் அங்குல ஓட்டை என்றால் சின்னதாகத்தான் தோன்றும். நிறைந்த தொட்டியின் அடியில் அது திறந்தால் வினாடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் பாய்கிறது. உள்ளங்கையை வைத்தேன், துண்டைத் திணித்தேன், துண்டு பீறிட்டு வெளியே விழுந்தது. மூன்று குடும்பத்தின் மூன்று நாள் தண்ணீர் மொட்டை மாடியில் ஓடி, மழைநீர்க் குழாய் வழியே தெருவில் இறங்கிக் கொண்டிருந்தது. வங்காள வீட்டு அம்மாள் சத்தம் போடாமல் இரண்டு வாளியைக் கொண்டு வந்து நீர் விழும் இடத்தில் வைத்தார். ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பக்கத்து வீட்டில் படகு தச்சர் ஒருவர், வயதானவர். மேலே ஏறிவந்து ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய் ஒரு மரத்துண்டைக் கூம்பாகச் செதுக்கி, அதில் துணியைச் சுற்றி எடுத்து வந்தார். ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். நீர் நின்றது. அதற்குள் பாதித் தொட்டிக்கு மேல் காலி. எல்லாம் பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

வெட்கமாக இருந்தது. படகின் அடியில் கடல்நீர் வரும் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு மரத் தக்கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது கப்பல் தொழிலில் பழைய வழக்கம். வால்வு உடைந்தால் அதை அடித்துச் செருகிவிடலாம். நானே எத்தனையோ படகுகளில் அதைச் சரிபார்த்திருக்கிறேன். சொந்த வீட்டு மாடியில் ஒரு தக்கை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை! பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. தெரியும் என்ற எண்ணத்தில் செய்தேன். அடுத்த இரண்டு நாளும் நானே தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து கீழ்வீட்டார் இருவருக்கும் கொடுத்தேன். அவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

வால்வு ஏன் இறுகிப் போகிறது?

முறிந்த நிப்பிளையும் வால்வையும் வைத்துக்கொண்டு அன்று இரவு பார்த்தேன். மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, வண்டல். கேட் வால்வுக்குள் ஆப்புப் போன்ற ஒரு தகடு மேலும் கீழும் இறங்கி ஏறும். அது அமரும் பள்ளத்தில் மண் படிந்து கெட்டியாகிவிட்டால் தகடு ஏறவும் செய்யாது, முழுதாக மூடவும் செய்யாது. இரண்டாவது, பித்தளையின் நோய். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புள்ள நீரிலும் காற்றிலும் நாளாக ஆக அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விடும். செம்பு மட்டும் பஞ்சுபோல் மிஞ்சும். மேலே பார்த்தால் வால்வு முழுசாக இருக்கும், அங்கங்கே செந்நிறமாக மட்டும் தெரியும். பிடித்துத் திருகினால் பிஸ்கெட் மாதிரி உடையும். மூன்றாவது, இரும்பும் பித்தளையும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கப்படும். அதுவும் மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் குறைவு. கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அந்த வால்வை வருடக் கணக்கில் நான் தொடவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து மூடியிருந்தால் அது இறுகியிருக்காது.

புதிதாக மாட்டும்போது இரும்பை அடியோடு விட்டேன். தொட்டிச் சுவரில் இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்துப் பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள். அதற்கடுத்துப் பால் வால்வு. பால் வால்வுக்குள் துளையுள்ள ஒரு குண்டு இருக்கிறது. பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும், மூடும். வண்டல் தங்கப் பள்ளம் குறைவு. பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். மரையில் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்துவிடும். பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்கி, அதற்குமேல் ரெஞ்சால் ஒரு சிறு திருப்புப் போதும். வால்வின் வாய்க்கு ஒரு மரை மூடியும் போட்டேன். பிறகு அந்தத் தச்சரிடம் கேட்டு ஒரு மரத் தக்கை செய்து வாங்கி, தொட்டியின் காலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். அது இன்றும் அங்கேயே தொங்குகிறது.

ஜனவரியில் ஒரு மூடி போதும்

இப்போது டொராண்டோவுக்கு வருவோம். என் கதையைச் சுருக்கமாக மாப்பிள்ளைக்குச் சொன்னேன். முழுக் கதையையும் அவர் பேசாமல் கேட்டார். முடித்ததும், "நீங்களோ மாமா?" என்றார். "நானேதான்" என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாய்லரில் வெப்பம் எவ்வளவு? ஏறக்குறைய 80 டிகிரி. அழுத்தம்? சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அந்த நிலையில் வால்வைக் கழற்றினால் கொதிநீர் நேரே கையிலும் காலிலும் பீச்சியடிக்கும். அதோடு நிற்காது. குறைகிற தண்ணீரை ஈடுகட்ட ஊர்க்குழாயிலிருந்து தானாகவே நீர் வந்துகொண்டிருக்கும். அதை மூடாவிட்டால் நிலவறை குளமாகும். அமைப்பை ஆறவிட்டுக் காலி செய்தாலோ, வேலை நடுவில் ஏதாவது முறிந்தால் அந்த இரவு வீட்டில் சூடு இருக்காது. தண்ணீர் உறையும்போது பத்துப் பங்கில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகப் பருத்துவிடும். மைனஸ் இருபதில், சூடில்லாத வீட்டில், குழாய்களில் மிச்சமிருக்கும் நீர் உறைந்தால் இரும்பே வெடிக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடு.

"சொட்டு எங்கிருந்து வருகிறது? கைப்பிடித் தண்டைச் சுற்றியா, வாயிலிருந்தா?" என்று கேட்டேன். இது முக்கியம். தண்டைச் சுற்றிக் கசிந்தால் அங்குள்ள நட்டைக் கொஞ்சமே இறுக்கினால் போதும். வாயிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது துரும்பு மாட்டியிருக்கிறது.

வாயிலிருந்துதான். அந்த வாயில் தோட்டக் குழாய் மாட்டுவதற்கென்று மரை இருக்கும். அதற்கேற்ற பித்தளை மூடி, உள்ளே ரப்பர் வாஷரோடு, எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். விலை சில டாலர்தான். "கையுறை போட்டுக்கொண்டு அந்த மூடியைத் திருகுங்கள் மாப்பிள்ளை. வால்வைத் தொடாதீர்கள். அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். காலையில் பார்ப்போம்" என்றேன். "தண்டு கசிந்தாலோ, மூடிக்கு மேலும் சொட்டினாலோ, உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிட வேண்டும். செலவைப் பார்க்கக் கூடாது. கேஸ் பக்கம் எக்காரணத்தைக் கொண்டும் கை போகக் கூடாது."

கடை மூடுவதற்குள் ஓடிப்போய் வாங்கி வந்து திருகியிருக்கிறார். எனக்கு அன்று மதியம் வரை சோறு இறங்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு படம் வந்தது. அங்கே அப்போது அதிகாலை மூன்றரை மணி. காய்ந்த கிண்ணம் ஒன்று. அதற்குப் பக்கத்தில் தூங்காத என் மாப்பிள்ளை. கீழே ஒரு வரி: "வடிவாய்ப் பூட்டியாச்சு மாமா."

ஜூனில் நாங்கள் இருவரும்

ஜூன் மாதம் நானும் மனைவியும் பேரனைப் பார்க்கப் போனோம். பையில் ஊறுகாய், கருவாடு, அதோடு என் பழைய ரெஞ்சு. சென்னை விமான நிலையத்தில் அந்த ரெஞ்சைப் பார்த்த அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கைப்பையில் இல்லை, பெரிய பெட்டியில்தான் இருந்தது என்பதால் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். சூடு தேவையில்லாத காலம், அவசரமே இல்லை. முந்தின இரவே பாய்லரின் மின்சாரத்தையும் கேஸ் திறப்பையும் நிறுத்தி ஆறவிட்டோம். காலையில் முதலில் ஊர்க்குழாயிலிருந்து வரும் நீரை மூடினோம். வால்வின் வாயில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை நிலவறையின் வடிகாலில் விட்டுத் திறந்தோம். முதலில் மைபோல் கறுப்பாக வந்தது. அந்தக் கறுப்பு, குழாய்க்குள் உயிர்வாயு குறைவாக இருக்கும்போது உண்டாகும் ஒருவகை இரும்புத் துரு. கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை "முடிஞ்சுது" என்றார். முடியவில்லை. மேலே காற்றுப் புக வழி இல்லாததால் நீர் தொங்கி நிற்கிறது. டம்ளரின் வாயை விரலால் மூடிக் கவிழ்த்ததுபோல. மாடி ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்தவுடன் மீண்டும் கொட்டத் தொடங்கியது.

முழுதாக வடிந்தபின் இரண்டு ரெஞ்சு எடுத்தோம். ஒன்று குழாயை அசையாமல் பிடிக்க, மற்றொன்று வால்வைத் திருப்ப. இந்த இரண்டாவது ரெஞ்சு இருந்திருந்தால், அதோடு கொஞ்சம் பொறுமையும் இருந்திருந்தால், என் தொட்டி அன்று தப்பித்திருக்கும். முந்தின நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தோம். "நீங்க திருப்புங்கோ மாமா" என்றார். "இல்லை மாப்பிள்ளை, நான் பிடிக்கிறேன். நீங்கள் திருப்புங்கள். உங்கள் வீடு" என்றேன். மெல்ல மெல்ல, அரை விரற்கடை இப்படி, கொஞ்சம் அப்படி. கழன்றது.

மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டேப் சுற்றி, அதன்மேல் பசை தடவி, மூடியோடு கூடிய பால் வால்வை மாட்டினோம். பிறகு மெதுவாக நீரை நிரப்பினோம். அழுத்தம் எவ்வளவு வைப்பது? ஒரு பவுண்டு அழுத்தம் நீரை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரம் தூக்கும். மேல் ரேடியேட்டர் பாய்லரிலிருந்து ஆறு மீட்டர் உயரம் என்றால் ஒன்பது பவுண்டு. அதற்கு மேலே மூன்று சேர்த்துப் பன்னிரண்டு. கணக்கு வேலை பார்ப்பவர் அல்லவா, இந்தக் கணக்கை அவர் மிகவும் ரசித்தார். கீழ்த்தளத்தில் தொடங்கி ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றினோம். காற்று போனதும் அழுத்தம் இறங்கும், மீண்டும் நிரப்பினோம். கடைசியில் பாய்லரை ஒரு மணி நேரம் எரியவிட்டு, சூட்டில் கசிகிறதா என்று பார்த்தோம். இரண்டு நாள் அடியில் உலர்ந்த காகிதத்தை விரித்து வைத்தோம். ஒரு சொட்டு இல்லை.

இன்னொன்றும் சொன்னேன்: "இனிமேல் தேவையில்லாமல் வடிக்கக் கூடாது. புதுத் தண்ணீர் புகும்போதெல்லாம் புது உயிர்வாயுவும் புகுந்து இரும்பைத் தின்னும். வீட்டுத் தொட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். இதைக் கழுவக் கூடாது. இரண்டும் வால்வுதான், குணம் வேறு."

அன்று மாலை வீட்டுப் பின்புறம் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை தன் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசினார். இடம்பெயர்ந்த நாளில் வாளியைக் கிணற்றடியிலேயே விட்டு வந்ததாக அவருடைய அம்மா இன்றும் சொல்வாராம். நான் வைகை ஊற்றைப் பற்றிச் சொன்னேன். சுனாமி நாளன்று, 2004 டிசம்பர் 26 காலையில், ஃபீனிக்ஸ் பே வீடுகள் ஆடியதைச் சொன்னேன். பன்னிரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியதையும் சொன்னேன். "அவள் உங்கட தோளில இருந்து கடலைப் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள் மாமா" என்றார். ஐந்தாண்டில் பேசாததை ஒரு மாலையில் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

அன்பர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி உங்கள் தொட்டியின் அடி வால்வைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, செந்நிறம் தெரிகிறதா, மரையோரம் துரு இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். கையால் மட்டும் மெதுவாகத் திருகிப் பாருங்கள். வராவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம். தண்ணீர் தட்டுப்பாடான மாதங்களில் அதைத் தொடவே வேண்டாம். மழை பிடித்த பிறகு, தொட்டியில் நீர் குறைவாக இருக்கும் ஒரு காலையில், கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பாத்திரங்களை நிரப்பி வைத்துக்கொண்டு, மாற்றி விடுங்கள். கையெட்டும் தூரத்தில் ஒரு மரத் தக்கை இருக்கட்டும். குளிர் நாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அடுத்த முறை பேசும்போது பாய்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். அக்டோபருக்கு முன்பே கேளுங்கள்.

டொராண்டோவில் கழற்றிய அந்தப் பழைய வால்வை மாப்பிள்ளை துடைத்து, காகிதத்தில் சுற்றி, என் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். அது இப்போது எங்கள் வீட்டுச் சன்னலில், முறிந்த என் நிப்பிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். ஒன்றைக் காட்டி, "இது நான் உடைத்தது" என்பேன். மற்றொன்றைக் காட்டி, "இது மாப்பிள்ளை உடைக்காமல் கழற்றியது" என்பேன்.